அடுத்த நவம்பர்

மன்னார்குடி
22.12.2024

அன்புள்ள கயல்,

உன் இன்லேண்டு லெட்டர் வியாழக்கிழமை கிடைத்தது. மடிப்பு ஓரம் வரை எழுதியிருக்கிறாய். அரையிறுதியில் நான்கு கோல் விழுந்தது, திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் உன்னோடு பேசாதது, விடுதிக்கு வந்ததும் கையுறையைப் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டியது, எல்லாம் படித்தேன். கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். பிளஸ் டூ முடிந்ததும் அப்பா சொல்கிறபடி நர்சிங் சேர்ந்துவிடுகிறேன், பந்து போதும் அத்தை என்று எழுதியிருக்கிறாய். நர்சிங் நல்ல படிப்பு, தாராளமாகப் படி. அந்தப் 'போதும்'தான் என்னை மூன்று நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

போன மாதம் 23-ஆம் தேதி, சனிக்கிழமை, கைபேசியில் ஒரு ஆட்டம் பார்த்தேன். மொராக்கோவில் நடந்த ஆப்பிரிக்கப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. இதில் மோதுவது கிளப் அணிகள். பெரும்பாலும், நாட்டு லீக்கில் ஜெயித்த கிளப்புகள் தங்கள் மண்டலத்தில் ஆடி, அதிலும் ஜெயித்து, கடைசியில் எட்டு அணிகளாக ஓரிடத்தில் கூடும். அன்றைக்கு ஒரு பக்கம் மொராக்கோ ராணுவத்தின் கிளப்பான ஏ.எஸ். ஃபார். இன்னொரு பக்கம் காங்கோவின் தென்கோடியில், தாமிரச் சுரங்கங்களின் ஊரான லுபும்பாஷியிலிருந்து வந்த டி.பி. மசெம்பே. மசெம்பே 1-0 என்று ஜெயித்தது. அந்த ஒரு கோல் மர்லீன் கசாஜ் அடித்த பெனால்டி.

ஜெயித்த மசெம்பேயின் கோச் யார் தெரியுமா? லாமியா பூமெஹ்தி. அவர் மொராக்கோக்காரர். மொராக்கோவுக்காக ஆடியவர். சொந்த நாட்டு மண்ணில், சொந்த நாட்டின் மிகப் பெரிய பெண்கள் கிளப்புக்கு எதிராக, எங்கோ தெற்கே இருக்கிற காங்கோ பெண்களைத் தயார்செய்து கூட்டிவந்து கோப்பையை எடுத்துப் போய்விட்டார். போன வாரம் மராகெஷில் நடந்த விழாவில் ஆப்பிரிக்காவின் இந்த வருடத்துச் சிறந்த பெண்கள் கோச் விருதும் அவருக்கே. அந்த ஆட்டம் முடிந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை கயல். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, இந்தப் போட்டி தொடங்கிய நாளிலிருந்து யார் யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று ஒரு பழைய டைரியில் எழுதிப் பார்த்தேன். உன் கடிதம் வந்ததும் அந்தப் பக்கங்களைத்தான் மறுபடி எடுத்தேன்.

முதலில் ஒரு கணக்கு. ஆப்பிரிக்காவில் ஆண் கிளப்புகளுக்கான கோப்பை 1964-ல் தொடங்கியது. பெண் கிளப்புகளுக்கு 2021-ல். நடுவில் 57 வருடம். மொராக்கோவில் லார்பி ஷெபாக் என்று ஒருவர், 1976-ல் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். அவருடைய மகள் கிஸ்லான் ஷெபாக்கும் பந்தாட வந்து, ஃபார் கிளப்புக்கும் நாட்டுக்கும் கேப்டன் ஆனார். அப்பா ஆடிய காலத்திலேயே ஆண் கிளப்புகளுக்குக் கண்டம் தழுவிய கோப்பை இருந்தது. மகளுக்கு அப்படி ஒரு கோப்பை வந்து சேர்ந்தபோது வயது 31. எத்தனையோ பேருக்கு ஆடி முடித்து, பூட்ஸைக் கழற்றிய பிறகுதான் அது வந்தது. அவர்கள் பெயர் நம் இருவருக்குமே தெரியாது.

முதல் போட்டி 2021 நவம்பரில், எகிப்தின் கெய்ரோவில். இதை நீ கவனமாகப் படி, ஏனென்றால் இது ஒரு கோல்கீப்பரின் கதை. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் மாமெலோடி என்று ஒரு கறுப்பர் குடியிருப்பு. நிறவெறி ஆட்சிக் காலத்தில் கறுப்பர்களை ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த இடங்களில் ஒன்று. அந்தப் பெயரைச் சுமக்கிற மாமெலோடி சண்டவுன்ஸ் கிளப்பின் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பர் ஆண்டிலே டிலாமினி. கூட்டாளிகள் 'ஸ்டிக்ஸ்' என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் போட்டி முழுக்க சண்டவுன்ஸ் ஒரு கோல்கூட வாங்கவில்லை. இறுதிப் போட்டியில் கானாவின் ஹசாகாஸ் லேடீஸ் அணியை 2-0 என்று ஜெயித்து, அந்தக் கோப்பையின் முதல் சாம்பியன் ஆனார்கள்.

அடுத்த வருடம் ஜூலையில் டிலாமினி தென்னாப்பிரிக்க நாட்டு அணிக்கு நின்றார். ஆப்பிரிக்கப் பெண்கள் நாடுகள் கோப்பையின் இறுதிப் போட்டி மொராக்கோவின் ரபாத்தில், மொராக்கோவுக்கே எதிராக. ஹில்டா மகாயா இரண்டு கோல் அடிக்க, தென்னாப்பிரிக்கா 2-1 என்று முதல்முறையாக அந்தக் கோப்பையை எடுத்தது. போட்டியின் சிறந்த கோல்கீப்பர் டிலாமினி. ஒரு கோல்கீப்பருக்கு இதைவிட உயரமான இடம் அந்தக் கண்டத்தில் கிடையாது.

நான்கு மாதம் கழித்து, 2022 நவம்பர் 13. அதே ரபாத். இந்த முறை கிளப் இறுதிப் போட்டி, சண்டவுன்ஸுக்கு எதிரே ஏ.எஸ். ஃபார். ஜூலையில் அழுதுகொண்டே மைதானத்தை விட்டுப் போன மொராக்கோ பெண்கள் பலர் இப்போது ஃபார் ஜெர்சியில் நின்றார்கள். இப்திஸ்ஸாம் ஜ்ரைதி என்ற முன்கள ஆட்டக்காரி தனி ஆளாக மூன்று கோல் அடித்தாள். ஆட்டம் 4-0.

நான்கு கோல், கயல். இறுதிப் போட்டியில். முந்தின வருடம் ஒன்றுகூட வாங்காத அணி.

இங்கே நான் உன்னை நிறுத்தி, அடுத்த வருடம் என்ன நடந்தது என்று கேட்பேன். 2023 நவம்பரில் ஐவரி கோஸ்ட்டின் வடக்கே கோரோகோ என்ற ஊரில் இறுதிப் போட்டி. அதே சண்டவுன்ஸ் வந்து நின்றது. காசாபிளாங்காவின் ஸ்போர்ட்டிங் கிளப்பை 3-0 என்று ஜெயித்துக் கோப்பையைத் திரும்ப வாங்கியது. சரி, 2024? முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டார்கள். நான்கு வருடத்தில் கோப்பை, நான்கு கோல் தோல்வி, கோப்பை, முதல் சுற்றோடு மூட்டை கட்டியது. இத்தனைக்கும் அவர்கள் கிளப்பைக் கலைக்கவில்லை.

இப்போது சாம்பியனான மசெம்பேயையும் பார். 2022-ல் வந்தார்கள், முதல் சுற்றிலேயே போனார்கள். 2023-ல் தகுதியே பெறவில்லை. 2024-ல் கோப்பை அவர்கள் கையில்.

எனக்கு இந்தப் போட்டியில் பிடித்ததே இதுதான். ஒவ்வொரு நவம்பரும் வருகிறது. நாட்டு அணிகளின் போட்டி இரண்டு வருடத்துக்கு ஒன்று, உலகக் கோப்பை நான்கு வருடத்துக்கு ஒன்று. அதற்குள் முட்டி போய்விடும், கல்யாணம் ஆகிவிடும், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகும். கிளப் ஆட்டம் மட்டும்தான் வருடம் முழுக்கச் சோறு போடும், தோற்றவளுக்குப் பன்னிரண்டு மாதத்தில் இன்னொரு ஆட்டம் கொடுக்கும்.

எங்களுக்கு அது கிடைக்கவில்லை. இதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. 1994-ல் எங்கள் மாவட்ட அணி ஒரு டிராபியின் இறுதி ஆட்டத்தில் 2-1 என்று தோற்றது. நான் லெப்ட் பேக். இரண்டாவது கோல் என் காலில் பட்டுத் திரும்பிப் போன பந்து. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெண்கள் எல்லோரும் ஸ்டாண்டில் உட்கார்ந்து சத்தியம் செய்தோம். அதை நடத்தியவர்கள் அடுத்த வருடம் பணம் இல்லை என்று பெண்கள் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஆண்கள் பிரிவு நடந்தது. என் காலில் பட்ட அந்தப் பந்துதான் நான் ஆடிய கடைசிப் பெரிய ஆட்டத்தின் கடைசிக் கோல். முப்பது வருடமாக அது என் கணக்கிலேயே நிற்கிறது. அதைத் தீர்க்க எனக்கு இன்னொரு ஆட்டம் தரப்படவில்லை. உனக்கு இருக்கிறது, நீயாக வேண்டாம் என்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தப் போட்டிக்குள் நுழைவது சுலபம் என்று நினைத்துவிடாதே. ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பில் 54 நாடுகள். கண்டத்தை ஆறு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா, எத்தியோப்பியா என்று கிழக்கே இருக்கிற அத்தனை நாட்டு சாம்பியன்களும் சேர்ந்து ஒரே ஒரு இடத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டும். 2021-ல் அந்த இடத்தைப் பிடித்தது விஹிகா குயின்ஸ், மேற்குக் கென்யாவின் ஒரு சின்ன மாவட்டத்துப் பெண்கள். அடுத்த வருடம் தான்சானியாவின் சிம்பா குயின்ஸ் வந்து அரையிறுதி வரை போனது. 2023-ல் அதே நாட்டின் ராணுவ சேவை அணியான ஜே.கே.டி. குயின்ஸ். இந்த வருடம் எத்தியோப்பிய வணிக வங்கியின் அணி. ஆமாம், பேங்க் டீம்! நம் ஊரில் பேங்க் டீம், ரயில்வே டீம், போலீஸ் டீம் என்று ஆண்கள் வேலை வாங்கினார்களே, அதே மாதிரி அங்கே ஒரு பேங்க் டீம் பெண்கள் மொராக்கோ வரை போய் ஆடியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழக அணியும் இந்த வருடம் அந்த எட்டில் ஒன்று. படிக்கிற பெண்களின் அணி. படிப்பா பந்தா என்று நீயும் உன் அப்பாவும் சண்டை போடுகிற வீட்டுக்கு இந்தச் செய்தி அவசியம் என்று நினைக்கிறேன்.

ஹசாகாஸ் லேடீஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும், என் மனசு அவர்கள் பக்கம்தான். கானாவின் மேற்குக் கடற்கரையில் செகொண்டி என்ற துறைமுக ஊர். 2021-ல் அந்தப் பெண்கள் கானா லீக்கையும், கானா கோப்பையையும், மேற்கு மண்டலத் தகுதிப் போட்டியையும் ஒரே வருடத்தில் ஜெயித்துவிட்டுக் கெய்ரோ போனார்கள். அவர்களில் எவிலின் பாடு என்று 19 வயதுப் பெண். ஐந்து கோல் அடித்தாள். அதிக கோலும் அவள்தான், போட்டியின் சிறந்த ஆட்டக்காரியும் அவள்தான். இறுதிப் போட்டியில் தோற்ற பிறகும் அந்த விருது தோற்ற அணிக்காரிக்குப் போனது. அங்கிருந்து நார்வேயின் அவல்ட்ஸ்னெஸ் கிளப் அவளை அழைத்துக்கொண்டது. இரண்டு வார ஆட்டம் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே வேறு பக்கம் திருப்பிவிட்டது. இந்தப் போட்டி இல்லாமலிருந்தால் அந்த ஐந்து கோலை யார் பார்த்திருப்பார்கள்?

ஆனால் அவளுடைய கிளப் அதற்குப் பிறகு இந்தப் போட்டிக்குத் திரும்பி வரவே இல்லை. அந்த மண்டலத்திலிருந்து 2022-ல் நைஜீரியாவின் பயெல்சா குயின்ஸ், 2023-ல் கானாவின் ஆம்பெம் டார்கோவா, இந்த வருடம் நைஜீரியாவின் எடோ குயின்ஸ். ஒவ்வொரு வருடமும் வேறு கிளப். போட்டி அவ்வளவு கடுமை என்று சந்தோஷப்படலாம். நானும் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு விஷயம் கண்ணில் பட்டு மனசு கனத்துவிட்டது. இதுவரை கோப்பையைத் தூக்கிய மூன்று கிளப்புகளையும் பார். சண்டவுன்ஸ், ஃபார், மசெம்பே. மூன்றுமே ஆண்கள் ஆப்பிரிக்கக் கோப்பையையும் வென்ற பெரிய கிளப்புகள். சண்டவுன்ஸ் 2016-ல், ஃபார் 1985-ல், மசெம்பே ஐந்து முறை. ஆண்கள் போட்டியில் ஆட வேண்டுமானால் பெண்கள் அணியும் வைத்திருக்க வேண்டும் என்று கூட்டமைப்பு விதி கொண்டுவந்திருக்கிறது. நல்ல விதி. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதனால் ஜெர்சி கிடைக்கும். ஆனால் பெண்களுக்காகவே வருடக்கணக்கில் பாடுபட்ட செகொண்டி மாதிரி, விஹிகா மாதிரி சின்ன இடங்கள் பணத்தின் முன்னால் எத்தனை நாள் நிற்கும்? எனக்கு அந்தப் பயம் இருக்கிறது. விதியை எழுதியவர்கள் இவர்களுக்கும் ஒரு வழி செய்ய வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உன் அப்பா முதலில் அதைத்தான் கேட்பார். முதல் வருடம் ஜெயித்த கிளப்புக்கு 4 லட்சம் டாலர். இந்த வருடம் 6 லட்சம். ஆண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் இந்த வருடம் ஜெயித்த கிளப்புக்கு 40 லட்சம். இந்த இடைவெளி அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனாலும் மூன்று வருடத்தில் பாதிக்குப் பாதி கூடியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு பெண்ணைச் சொல்லாமல் விட முடியாது. ஃபார் கிளப்பின் தடுப்பாட்டக்காரி நுஹைலா பென்சினா. தலையை மூடிக்கொண்டு ஆடக்கூடாது என்று உலகக் கால்பந்தில் ஒரு தடை இருந்தது, 2014-ல்தான் நீக்கினார்கள். 2023 உலகக் கோப்பையில், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், தென்கொரியாவுக்கு எதிராக பென்சினா முக்காட்டோடு களம் இறங்கினாள். பெண்கள் உலகக் கோப்பையில் அப்படி ஆடிய முதல் பெண் அவள். அந்த ஆட்டத்தில் மொராக்கோ 1-0 என்று ஜெயித்தது. பெண்கள் உலகக் கோப்பையில் மொராக்கோவின் முதல் கோல், முதல் வெற்றி. கோல் அடித்தது யார் என்று நினைக்கிறாய்? ரபாத்தில் சண்டவுன்ஸுக்கு எதிராக மூன்று அடித்த அதே ஜ்ரைதி. உன்னோடு விடுதியில் இருக்கிற பர்வீனிடம் இதைச் சொல். அவள் வீட்டில் இதே காரணம் சொல்லித்தான் அனுப்பத் தயங்கினார்கள் என்று நீ முன்பு எழுதியிருந்தாய்.

நம் ஆசியாவில் பெண் கிளப்புகளுக்கு இப்படி ஒரு சாம்பியன்ஸ் லீக் முழு வடிவில் இந்த வருடம்தான் தொடங்கியது, ஆப்பிரிக்காவுக்கு மூன்று வருடம் பின்னால். நம் நாட்டிலிருந்து ஒடிசா அணி போய் ஆடிவிட்டு வந்தது. அங்கே போக வழி இந்தியப் பெண்கள் லீக். அதை 2019-ல் ஜெயித்தது எந்த அணி என்று உனக்கே தெரியும், மதுரையின் சேது எஃப்.சி. உகாண்டாவின் ஃபசீலா இக்வாபுட் கடல் கடந்து கோழிக்கோட்டுக்கு வந்து கோகுலம் அணிக்கு ஆடியிருக்கிறாள். நீ இருக்கிற கடலூரிலிருந்து கோழிக்கோடு ஒன்றும் எட்டாத தூரம் இல்லை.

அண்ணனிடம் நான் பேசுகிறேன். பொங்கலுக்கு வரும்போது நேரில் பேசுகிறேன், போனில் இந்தப் பேச்சு சரிப்படாது. நர்சிங் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மைதானம் இருக்கிற கல்லூரியாகப் பார்க்கலாம் என்று சொல்லப் போகிறேன். பயிற்சிக்கு வாரம் நான்கு நாள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன், செலவு உட்பட.

நீ செய்ய வேண்டியது இரண்டுதான். பெட்டியைத் திறந்து கையுறையை வெளியே எடுத்து நிழலில் காயப்போடு. ஈரத்தோடு பூட்டினால் உள்ளங்கை ரப்பர் உரிந்துவிடும். அப்புறம் எனக்கு ஒரு கடிதம் எழுது. அந்த நான்கு கோலும் எப்படி விழுந்தன, ஒவ்வொன்றிலும் நீ எங்கே நின்றாய், பந்து எந்தக் காலிலிருந்து வந்தது, உன் முன்னால் யார் மறைத்தார்கள் என்று படம் போட்டு எழுது. மூன்றாவது கோலைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதை முதலில் எழுது.

அன்புடன்
உன் அத்தை